கொரங்காட்டு மேட்டுமண்: தண்ணீர் நன்றாக வடிந்தும் தையில் புல் காய்வது ஏன்?

வணக்கம். தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், வைத்திருக்கும் ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே படித்துவிடுகிறேன். "எங்கள் கொரங்காட்டில் குழி வெட்டி மண்ணை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். 'மேட்டுநிலம், மேய்ச்சல், நீர் நன்கு வடியும்' என்று எழுதி, வகை 'லோமி ஸ்கெலட்டல், மிக்ஸ்டு, ஐசோஹைப்பர்தெர்மிக், டிபிக் ஹாப்லுஸ்டால்ஃப்' என்று போட்டிருக்கிறார்கள். வடிகால் நன்றாக இருந்தால் மண்ணும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் தை முடிவதற்குள் புல் காய்ந்துவிடுகிறது? குளத்து வண்டல் அடித்து, போர் போட்டு, மக்காச்சோளத்துக்கு மாறலாமா?"

ஐயா, உங்கள் மண்ணில் கோளாறு எதுவும் இல்லை. வடிகால் வேறு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் திறன் வேறு. பெய்த மழை எவ்வளவு நேரத்தில் வேர்ப்பகுதியைக் கடந்து கீழே இறங்குகிறது என்பது வடிகால். இறங்கியபின் மண்ணில் எவ்வளவு தங்குகிறது என்பது இன்னொரு கணக்கு. முதலாவதில் உங்கள் மேட்டாங்காடு நன்றாக இருக்கிறது, இரண்டாவதில் அதன் கொள்ளளவு சிறியது.

வடிகாலை எப்படி முடிவு செய்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்க மண் ஆய்வு முறையில் வடிகாலுக்குப் பல தரங்கள் உண்டு. மிக வேகமாக வடிவது ஒரு கோடி, எப்போதும் நீர் நிற்பது மறுகோடி. குழியில் இறங்குபவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். மண்செல் நிறப் புத்தகத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் வண்ணச் சில்லுகளோடு ஈரமண்ணை ஒப்பிட்டு எழுதுவார். மண்ணில் காற்றோட்டம் இருந்தால் இரும்பு, ஹேமடைட் என்ற கனிமமாக நின்று சிவப்பைக் கொடுக்கும். வாரக்கணக்கில் நீர் தேங்கினால் அந்த இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், மண்ணில் சாம்பல் நிறத் திட்டுகள் விழும். உங்கள் குழியில் மேலிருந்து சரளை வரைக்கும் ஒரே சீராகச் சிவப்பு இருந்திருக்கும், சாம்பல் திட்டு ஒன்றுகூட இருந்திருக்காது. நீர் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. கொழுக்கட்டைப் புல்லுக்கு இது மிகவும் ஏற்றது. வறட்சியைத் தாங்கும் அந்தப் புல் நீர்த்தேக்கத்தைத் தாங்காது.

இனி இரண்டாவது கணக்கு. 'ஸ்கெலட்டல்' என்ற சொல் உங்கள் அறிக்கையில் வந்தாலே, 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லும் சரளையும் கன அளவில் 35 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கின்றன என்று பொருள். வெங்கச்சங்கல்லும், நைஸ் (gneiss) எனப்படும் பாறையின் சிதைந்த துண்டும்தான் அவை. மணல் கலந்த இருமண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 120 மில்லிமீட்டர் நீரைச் செடிக்குக் கொடுக்கும். உங்கள் நிலத்தில் பாறை 60 சென்டிமீட்டரில் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 72 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. அதில் கல் 40 சதவீதம் என்றால் மிஞ்சுவது 43 மில்லிமீட்டர். வெயில் நாளில் புல்லும் மண்ணுமாகச் சேர்ந்து 5 மில்லிமீட்டர் இழக்கின்றன. எட்டு, ஒன்பது நாளில் பை காலி. மண் காயக் காய இழப்பும் குறையும் என்பதால் நடைமுறையில் இன்னும் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் உங்கள் பகுதிக்கு ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடுகிறது. மார்கழிக்குப் பின் அடுத்த மழை வரும்வரை புல் பச்சையாக நிற்க இந்த மண்ணில் இடமே இல்லை.

சரி, அந்த நீண்ட பெயர். அதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். 'ஆல்ஃப்' என்றால் அல்ஃபிசால், அமெரிக்க மண் வகைப்பாட்டின் 12 பெரும் பிரிவுகளில் ஒன்று. இதற்கு இரண்டு நிபந்தனைகள். மேல்மண்ணிலிருந்து களி இறங்கிக் கீழே ஓர் அடுக்காகப் படிந்திருக்க வேண்டும். மேலே 20 சதவீதம் களி என்றால் கீழே குறைந்தது 24 சதவீதமாவது வேண்டும், அதாவது 1.2 மடங்கு. கையில் உருட்டினாலே தெரியும்: மேல்மண் உதிரும், அடுத்த அடுக்கு நாடாவாக நீளும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மண்கட்டியின் மேல் மெழுகு பூசியதுபோல் களிப்படலம் மின்னும். இரண்டாவது நிபந்தனை, கால்சியம், மெக்னீசியம் போன்ற காரச் சத்துகளின் நிறைவு 35 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மழை குறைந்த நாட்டில் அவை அடித்துச் செல்லப்படுவதில்லை. எனவே உங்கள் மண் இதில் வெகு தாராளமாகத் தேறும். காங்கேயம் மாட்டின் எலும்புறுதிக்கு அந்த மண்ணின் சுண்ணாம்புதான் காரணம் என்று உங்கள் ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். புல்லுக்குக் கிடைக்கும் கால்சியத்தைப் பற்றி மட்டும் மண் என்ன சொல்கிறது என்றால், தாராளமாக இருக்கிறது என்றுதான்.

நடுவில் இருக்கும் 'உஸ்ட்' என்பதுதான் உங்கள் தை மாதக் கேள்விக்கு விடை. சாதாரண ஆண்டில் வேர்ப்பகுதியின் ஏதாவது ஒரு பாகமாவது மொத்தம் 90 நாளோ அதற்கு மேலோ காய்ந்து கிடக்கும், ஆனால் பயிர் வளரும் காலத்தில் போதிய ஈரம் இருக்கும் என்ற நிலைக்கு அந்தப் பெயர். உங்கள் புல் காய்வது அந்தப் பெயருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 'ஐசோஹைப்பர்தெர்மிக்' என்றால் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 22 டிகிரி அல்லது அதற்கு மேல், கோடைக்கும் குளிருக்கும் வேறுபாடு 6 டிகிரிக்குக் குறைவு. மற்றவை சிறு விவரங்கள். 'ஹாப்ல்' என்றால் கூடுதல் சிறப்பு அடுக்கு எதுவும் இல்லை, 'டிபிக்' என்றால் அந்த இனத்தின் வழக்கமான மாதிரி.

இங்கே நான் மிகவும் விரும்பும் ஓர் ஒப்பீடு உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் அடையாள மண் ஹோல்ட்ரெஜ். அதுவும் நீர் நன்கு வடியும் மேட்டுமண், புல்வெளியில் உருவானது, பெயரில் 'உஸ்ட்' உண்டு, களி அடுக்கும் உண்டு. ஆனால் அது மொல்லிசால் என்ற வேறொரு பெரும் பிரிவு, கறுத்த மேல்மண். நம்முடையது வெளிறிய மேல்மண், பல இடங்களில் கரிமக் கார்பன் 0.5 சதவீதத்தைக் கூட எட்டாது. காற்று சுமந்து வந்து படிவித்த ஆழமான வண்டல் அவர்களுக்கு, கெட்டியான நைஸ் பாறை நமக்கு. அவர்களுடைய குளிர்காலத்தில் மட்கு சிதையாமல் சேர்கிறது. நம் வெப்பம் ஆண்டு முழுவதும் அதைத் தின்றுகொண்டே இருக்கிறது. அதனால் இருக்கும் கொஞ்சம் மட்கைக் காப்பாற்றுவதுதான் கொரங்காட்டில் பெரிய வேலை.

பழைய அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அமெரிக்க வகைப்பாட்டு நூலின் 1975-இல் வந்த முதல் பதிப்புப்படி எழுதியவற்றில் 'உஸ்ட்ரோபெப்ட்' என்ற மண்வகைப் பெயரைப் பார்ப்பீர்கள். 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இன்று அவற்றில் பல 'ஹாப்லுஸ்டெப்ட்' என்று வரும். மண் மாறவில்லை, விதிதான் மாறியது.

இன்னொன்று, ஒரு குழி ஒரு காட்டுக்குப் போதாது. உங்கள் கிளுவை வேலிக்குள்ளேயே மேட்டு முகட்டில் பாறை 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் அது 'லித்திக்' என்ற துணைப்பிரிவுக்குப் போய்விடும். சரிவின் அடியில், பள்ளத்தை ஒட்டி, மண் கறுத்து வெடிப்பு விட்டால் அது வேறு இனமே. பல இடங்களில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் அடுத்தடுத்து இருக்கும். கீழே சுக்கான்கல் இருக்கிறதா என்று அறிய நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள், இருந்தால் நுரைக்கும்.

இப்போது மக்காச்சோளம். என் கருத்து, வேண்டாம். 43 மில்லிமீட்டர் கொள்ளளவுள்ள மண்ணுக்கு வாரம் ஒருமுறைக்குக் குறையாமல் தண்ணீர் காட்ட வேண்டும். நைஸ் பாறையில் போர் எவ்வளவு நாள் அப்படிக் கொடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய கவலை, அடிக்கடி உழுது வெற்றுநிலமாக விடும்போது இந்தச் செம்மண்ணின் மேற்பரப்பு மழைத்துளி பட்டு ஏடு கட்டிவிடும். நன்றாக வடிந்த மண்ணில் தண்ணீர் உள்ளே போகாமல் மேலாக ஓடும், மெல்லிய மேல்மண்ணையும் கொண்டுபோகும். பிறகு கையில் மிஞ்சுவது களி அடுக்கும் கல்லும்தான்.

வண்டலும் தேவையில்லை. சரளைக்கு மேல் நான்கு விரற்கடை வண்டல் கொட்டினால் ஆழம் பெரிதாகக் கூடிவிடாது, செலவுதான் கூடும். அந்தப் பணத்துக்கு ஆட்டுப்பட்டி அடையுங்கள், புல் மெலிந்த இடங்களில் பட்டியை மாற்றி மாற்றிப் போடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகும். மழை தொடங்கியதும் மாட்டை உடனே உள்ளே விடாமல் கொழுக்கட்டைப் புல் கதிர் தள்ளி விதை உதிரும்வரை ஒரு பகுதியையாவது மூடி வையுங்கள். வெள்வேல மரங்களை வெட்ட வேண்டாம். தையில் புல் காய்ந்தபின் அதன் நெற்றுதான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம், அதன் வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கிப் புல்லுக்கு எட்டாத ஈரத்தை எடுக்கிறது.