மேப் ஒண்ணாயிடுச்சு, பணம் எப்போ ஒண்ணாகும்?

எல்லாருக்கும் வணக்கம். கூவம் ஓரமா பஸ்ல போனவங்க அந்தத் தூணுங்களைப் பார்த்திருப்பீங்க, மதுரவாயல் துறைமுகம் பறக்கும் சாலைக்காக எழுப்புனது, 2009 ஜனவரில அடிக்கல் நாட்டுனாங்க, 2012ல தூண் ஆத்துக்குள்ள வருது, தண்ணி ஓட்டத்தை அடைக்கும்னு மாநில அரசு வேலையை நிறுத்திருச்சு. அப்புறம் பத்து வருஷம், உச்சியில கம்பி துருத்திக்கிட்டு, துருப்பிடிச்சு அப்படியே நின்னுச்சு. ஆரம்பத்துல 2,000 கோடிக்குள்ள முடியவேண்டிய வேலைங்க, 2022ல ரெண்டடுக்கு பாலம்னு மறுபடி அடிக்கல் நாட்டும்போது 5,800 கோடி.

ஆறு ஒரு துறை, ரோடு ஒரு துறை, துறைமுகம் வேற. 2022ல நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், தமிழக அரசு, கடற்படை நாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாங்களே, அந்தக் கையெழுத்து முதல் தூணுக்குக் குழி தோண்டுறதுக்கு முன்னாடி வந்திருக்க வேணாமா?

2021 அக்டோபர்ல மத்திய அரசு கதி சக்தின்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, 16 அமைச்சகத்தோட திட்டங்களையும் ஒரே டிஜிட்டல் மேப்ல வெச்சு, ரயில் பாதை எங்க, காடு எங்க, கேஸ் பைப் எங்க போகுதுன்னு ஒரே ஸ்க்ரீன்ல பார்க்கலாம். நல்ல வேலை, மனசார பாராட்டுறேன். ஆனா பணம் இன்னும் அமைச்சகம் அமைச்சகமாதான் பிரிஞ்சு போகுது, ரோட்டுக்கு ஒதுக்குன காசுல பக்கத்துல போற குடிநீர் பைப்பை யார் மாத்துறதுன்னு ஃபைல் அலைஞ்சுக்கிட்டே இருக்கும். எங்க தெருவுல புதுசா தார் போட்டு ரெண்டே மாசத்துல பைப்புக்குத் தோண்டுனாங்க, மூடுன இடம் மழையில உள்வாங்கி, பால் எடுத்துட்டு வந்த ஒரு அம்மா வண்டியோட விழுந்தாங்க.

மாத்த முடியாதுன்னு சொல்லாதீங்க. 1924லேர்ந்து தனியா இருந்த ரயில்வே பட்ஜெட்டை 2017ல பொது பட்ஜெட்டோட சேர்த்தாங்கல்ல? ரோடு, பாலம் மாதிரி கட்டமைப்பு வேலைகளுக்கு நீண்டகாலக் கடன் குடுக்கவே 20,000 கோடி மூலதனத்தோட தனி வங்கியும் 2021ல ஆரம்பிச்சாங்க. அதனால கதி சக்தியில திட்டத்தைப் பரிசீலிக்கிற குழுகிட்டயே பணத்தை விடுவிக்கிற அதிகாரமும் இருக்கணும், நிலம் கைக்கு வந்து, பைப்பும் கேபிளும் நகர்ந்த பிறகுதான் அடுத்த தவணைன்னு அவங்க சொல்லணும், அந்த மேஜையில மாநகராட்சி இன்ஜினியருக்கும் ஒரு நாற்காலி போடணும்.

சட்டம் மட்டும் போட்டா வந்துடாது. சென்னையில பஸ், ரயில், மெட்ரோ எல்லாத்தையும் ஒருங்கிணைக்க கும்டாங்கிற போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010ல சட்டம் வந்துச்சு, முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பர்ல. அந்த 12 வருஷமும் நாம ரயில் ஸ்டேஷன்லேர்ந்து இறங்கி பஸ் ஸ்டாப்பைத் தேடி வெயில்ல நடந்துக்கிட்டுதான் இருந்தோம்.