அம்பயரை முதலில் உள்ளே விடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பந்தலில் பாயோடு வந்து இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

செய்தி சொல்பவர் போராட்டத்தில் இறங்கலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு. இறங்கலாம் என்று பேச நான் புதுநகரத்திலிருந்து வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "அம்பயர் பந்தை அடிக்கலாமா?" என்று ஒரே போடாகப் போட்டார். பந்தலே அதிர்ந்தது. நானும்தான் கை தட்டினேன். தட்டிய பிறகுதான் யோசனை வந்தது. அண்ணே, அந்த அம்பயரை வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டால்? அப்போதும் அவர் வாயைத் திறக்கக் கூடாதா?

ஏமன் நாட்டில் தவக்குல் கர்மான் என்று ஒரு பத்திரிகையாளர். 2005-இல் இன்னும் சில பெண்களோடு சேர்ந்து, 'சங்கிலிகளற்ற பெண் பத்திரிகையாளர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். செல்போன் குறுஞ்செய்தியில் செய்தி அனுப்பினார்கள். பத்திரிகை நடத்தவும் வானொலி நடத்தவும் உரிமம் கேட்டார்கள். அரசு கொடுக்கவில்லை. நன்றாகக் கவனியுங்கள் நடுவர் அவர்களே, அந்த அம்மா கேட்டது கொடி இல்லை, மைக்! 2007-இலிருந்து தலைநகர் சனாவில் செவ்வாய்க்கிழமைதோறும் பத்திரிகைச் சுதந்திரம் கேட்டு உட்கார்ந்தார். நம் ஊரில் வாரச்சந்தை கூடுகிற மாதிரி, வாராவாரம். 2011 ஜனவரியில் கைது செய்தார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்ததும் விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு, வேறு இரண்டு பெண்களோடு சேர்த்து. அப்போது அவருக்கு வயது 32. அரபுப் பெண் ஒருவருக்கு நோபல் கிடைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு பல்கீஸ் என்று சொந்தமாகத் தொலைக்காட்சியே ஆரம்பித்தார், அதுவும் சொந்த நாட்டில் இல்லை, இஸ்தான்புல்லில்.

எதிரணி ஒரு துண்டுச்சீட்டில் என்னவோ எழுதுகிறது. "அவர் அப்போது இஸ்லாஹ் என்ற ஏமன் அரசியல் கட்சிக்காரர் ஆயிற்றே" என்பதாகத்தான் இருக்கும். சரி, அதில் நியாயம் இருக்கிறது. கட்சியில் இருப்பவர் சொல்லும் செய்தியைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசுகிறவரை எடைபோடுவது சுலபம். நடுவில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு சாய்கிறவரை எந்தத் தராசில் வைப்பீர்கள்? (நான் நடுவரைச் சொல்லவில்லை!)

ஏமன் தூரம் என்றால் பக்கத்துப் பிளாச்சிமடைக்கு வாருங்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று கோகோ கோலா ஆலை வாசலில் 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆதிவாசிகள் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவை இங்கே பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பியது. உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருப்பதைப் பரிசோதித்துச் சொன்னது. "பார்த்தீர்களா, பிபிசிக்காரர் பந்தலில் உட்காரவில்லையே" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஓர் ஆண்டுக்கு மேலாக அந்த ஜனங்கள் வெயிலில் உட்கார்ந்திருக்காவிட்டால், லண்டன் மைக்குக்கு பிளாச்சிமடைக்கு வழி தெரிந்திருக்குமா? அடுத்த மார்ச்சில் ஆலை நின்றது. பிபிசிக்காரர் பதிவு செய்துகொண்டு விமானம் ஏறலாம். கிணறு கெட்டவர் எங்கே போவார்?

சரி, போராட்டமே வேண்டாம், கேள்வி மட்டும் கேட்கிறேன் என்று இருந்தால் விடுவார்களா? காபூல் தாலிபான் கைக்குப் போன மூன்றாம் நாள், 2021 ஆகஸ்ட் 17, டோலோ நியூஸ் என்ற ஆப்கன் தொலைக்காட்சியில் பெஹெஷ்தா அர்கந்த் என்ற பெண், தாலிபான்காரர் ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார். கோஷம் போடவில்லை, கேள்விதான் கேட்டார். சில நாட்களில் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. மறு ஆண்டு மே மாதம், பெண் செய்தி வாசிப்பாளர்கள் முகத்தை மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது அதே டோலோவில் ஆண் வாசிப்பாளர்களும் கறுப்பு முகக்கவசம் மாட்டிக்கொண்டு செய்தி வாசித்தார்கள். அண்ணே, அது செய்தியா, போராட்டமா? எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நன்னிமா, அதாவது பாட்டி, டிரான்ஸிஸ்டரை அம்மிக்கல் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அரைப்பார். "செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று வந்ததும் குழவி நின்றுவிடும். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ஆசையில், ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் தமிழ்ச் செய்தி வாசிக்க ஆள் தேவை என்றதும் போனேன். ஒரு தாளைக் கொடுத்தார்கள், தலையை மூடிய தட்டத்தோடு வாசித்தேன். "உச்சரிப்பு பிரமாதம். தட்டம் மட்டும் வேண்டாமே, பார்க்கிறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க" என்றார் அங்கிருந்தவர். வீட்டுக்கு வந்தால் மாமு திண்ணையில் காத்திருக்கிறார். "முக்காடு போட்டாலும் டிவியில முகம் தெரியும்ல, எதுக்கும்மா?" அங்கே துணி அதிகம், இங்கே துணி போதவில்லை! இரண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே நான் அந்த வாரம் பெரிய போராளி ஆகிவிட்டேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் அண்ணன் இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அன்றைக்கு அந்தத் தாளில் இருந்தது, ஆழியாற்றுத் தண்ணீர் நம் மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்து சேர்ந்த செய்தி. அதை வாசிக்கப் போன நான் எந்தக் கொடியைப் பிடித்தேன்?