கூடம் முழுக்கக் கண்ணிவெடி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டாங்கி, காலாட்படை, பீரங்கி, விமானம் எல்லாம் சேர்ந்து அடிக்கிற கூட்டுப்படைத் தாக்குதல் முடங்குவது பயிற்சிக் குறைவாலா, கருவிக் குறைவாலா? நான் கருவிக் குறைவு என்கிற அணி.

எதிரணி ஐயா 2023-ல் ரஷ்யப் படை மேல் உக்ரைன் நடத்திய எதிர்த்தாக்குதலைச் சொல்லி, "லெப்பர்ட் டாங்கியும் கொடுத்து, ஜெர்மனியில் பயிற்சியும் கொடுத்தாச்சு, அப்புறமும் முடியலையா? ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்தக் கூடத்துக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடுவோம்.

ஜூன் 8. ஸபோரிஷியா மாகாணம், மாலா தோக்மாச்கா கிராமத்துக்குத் தெற்கே. ஒதுங்க ஒரு மறைவில்லாத வயல்வெளி, மண்ணுக்குள் மாதக்கணக்காகப் புதைத்த கண்ணிவெடி. முன்னால் வெடி அகற்றும் வண்டி, அது திறந்துவிடுகிற ஒற்றைத் தடத்தில் பின்னாடியே டாங்கிகள், பிராட்லி கவச வண்டிகள். முன்வண்டி அடிபட்டு நின்றுவிட்டது. பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? இடது பக்கம் ஒடித்தால் வெடி. வலது பக்கம் ஒடித்தால் வெடி. நின்றாலோ மேலே ட்ரோன் பார்த்துப் பீரங்கிக்கு இடம் சொல்கிறது, தொலைவில் காமோவ் ஹெலிகாப்டர் ஏவுகணையோடு காத்திருக்கிறது. இன்னொரு தடவை சொல்கிறேன் ஐயா: இடதிலும் வெடி, வலதிலும் வெடி, தலைக்கு மேலே எதிரியின் கண். எந்தப் பயிற்சி இதில் வழி காட்டும்?

புதுப் படையணி, பயிற்சி சில வாரம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1991 வளைகுடாப் போரில் ஜனவரி 17-ல் குண்டுவீச ஆரம்பித்த அமெரிக்கக் கூட்டணி, பிப்ரவரி 24-ல்தான் பெரிய தரைத் தாக்குதலைத் தொடங்கியது. ஐந்து வாரத்துக்கு மேல் வானத்தில் அடித்துவிட்டு, 100 மணி நேரத்தில் தரைப்போரை முடித்தார்கள். உக்ரைனுக்கு அந்த வானம் எங்கே இருந்தது? எஃப்-16 போர் விமானம் வந்ததே 2024-ல்!

அதற்காக அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. சின்னச் சின்னக் குழுக்களாக, வண்டியை விட்டிறங்கி நடந்தே, ஒவ்வொரு மரவரிசையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். உக்ரைன் கையிலிருந்த ஓரிகிவ் நகரிலிருந்து ரொபோட்டினே கிராமம் 15 கிலோமீட்டர்கூட இல்லை. அந்த ஊரை மீட்க ஆகஸ்ட் கடைசியாகிவிட்டது. வெடியைக் கையால் தேடி எடுக்க, மண்ணில் வயிறு தேய ஊர்ந்து போன பிள்ளைகளும் அதில் உண்டு. எல்லோரும் வீடு திரும்பவில்லை.

அன்று அடிபட்ட பிராட்லிகளிலிருந்து பலர் உயிரோடு இறங்கி ஓடினார்களே, அவர்களைக் காப்பாற்றியது அந்த வண்டியின் கவசம். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவளிடம் போய்க் கேளுங்கள் நடுவர் அவர்களே, கருவி முக்கியமா இல்லையா என்று அவள் சொல்வாள். நன்றி, வணக்கம்.