எட்டு கவுண்டிலிருந்து பத்து மார்க்குக்கு

வணக்கம். சினிமாவில் ஒரு பாட்டுக்கு நடனம் எப்படி எடுக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால், நான் பேச வந்த இந்தி சினிமா டான்ஸ் மாஸ்டர் சரோஜ் கானைப் பற்றிச் சொல்வது சுலபமாகிவிடும். செட்டில் நாகராவில், அதாவது பாட்டை ஒலிக்கவிடும் கருவியில், பாட்டின் ஒரு துண்டுதான் ஓடும், இரண்டு வரி, சில நேரம் அதுகூட இருக்காது. கேமராவுக்குப் பக்கத்தில் மாஸ்டரின் உதவியாளர் நின்று ஆடிக் காட்டுவார், எதிரே நாயகி அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவார், எட்டு கவுண்ட் (தாளத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணுவது), இன்னொரு எட்டு, கட். கை சரியில்லையா, திரும்ப. கண் வேறெங்கோ போய்விட்டதா, திரும்ப. அப்புறம் லைட்டை மாற்றி, கேமராவை நகர்த்தி அடுத்த துண்டு. நாம் திரையில் பார்க்கிற ஐந்து நிமிடப் பாட்டை அந்த நாயகி ஒரே மூச்சில் ஒருமுறைகூட ஆடியிருக்க மாட்டார். இடுப்பை எங்கே காட்ட வேண்டும், எந்த வரிக்குக் கண் மட்டும் போதும் என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் டான்ஸ் மாஸ்டர்தான்.

இப்படித் துண்டு துண்டாகப் பார்த்துப் பழகிய ஒருவரைக் கொண்டுபோய் டிவி மேடைக்கு முன்னால் நடுவர் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அங்கே எல்லாமே தலைகீழ். போட்டியாளர் மூன்று நான்கு நிமிடம் நிற்காமல் ஆடுகிறார், தப்பு செய்தால் செய்ததுதான், முடிந்த அடுத்த நிமிடம் மைக்கில் ஏதாவது சொல்லி மார்க்கும் போட வேண்டும்.

சரோஜ் கான் 1948-ல் பம்பாயில் பிறந்தவர், இயற்பெயர் நிர்மலா நாக்பால். பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சின்ன வயதிலேயே குழந்தை நட்சத்திரம், பத்து வயதை ஒட்டி குரூப் டான்ஸர், பிறகு பி. சோஹன்லால் மாஸ்டரிடம் உதவியாளர். சோஹன்லாலின் சகோதரர் ஹீராலால் நமக்கும் தெரிந்தவர்தான், 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடுவார்களே, அது அவர் அமைத்தது. அந்தப் பள்ளியில்தான் சரோஜ் கற்றுக்கொண்டார். ஆனால் குருவான சோஹன்லாலே 13 வயதுப் பெண்ணான அவரைக் கல்யாணமும் செய்துகொண்டார். அவருக்கு ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று சரோஜ் பிற்பாடு சொன்னார். குருகுலம், அர்ப்பணிப்பு என்று எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

1974-ல் 'கீதா மேரா நாம்' படத்தில் தனியாக மாஸ்டர் ஆனார். ஆனால் ஊரெல்லாம் பெயர் தெரிய இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஆயிற்று. 1987-ல் 'மிஸ்டர் இந்தியா'வில் ஸ்ரீதேவி, மறு வருஷம் 'தேஸாப்'பில் மாதுரி தீட்சித். அந்த 'ஏக் தோ தீன்' பாட்டைத் தியேட்டரில் பார்த்தவர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும் கண்கள் மின்னும். சிறந்த நடன அமைப்புக்கு என்று ஃபிலிம்ஃபேர் ஒரு விருதையே அந்தப் படத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது, முதல் மூன்று வருஷமும் அவருக்கே கொடுத்தது. அதுவரை டான்ஸ் மாஸ்டருக்கு டைட்டில் கார்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒரு ஷாட் அவருக்குப் பிடித்துப்போனால் அந்த நடிகரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஆசீர்வாதமாகக் கையில் வைப்பாராம். பல வருஷத்துக்குப் பிறகு தனக்கும் ஒன்று கிடைத்தது, அது பெரிய விஷயம் என்று அமிதாப் பச்சன் எழுதியிருக்கிறார். ஒரு விஷயம் கவனியுங்கள், எல்லா ஷாட்டுக்கும் அது கிடைக்காது. கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவர் பேசிக்கொண்டிருக்கவும் தேவையில்லை, இன்னொரு டேக் போனால் போதும்.

2005-ல் ஸ்டார் ஒன் சேனலில் 'நச் பலியே' வந்தது. நிஜத் தம்பதிகள் ஆடுகிற போட்டி. நடுவர்கள் சரோஜ் கான், மலைக்கா அரோரா, ஃபர்ஹான் அக்தர். ஒரு நடிகை, ஒரு இயக்குநர், நடுவில் செட்டில் இருந்தே வளர்ந்த ஒரு மாஸ்டர். 2009-ல் 'ஜலக் திக்லா ஜா' என்ற நடனப் போட்டியின் மூன்றாம் சீசனிலும் நடுவர். இடையில் 2008-ல் 'நச்லே வே' என்று ஒரு நிகழ்ச்சி, அதில் மார்க் கிடையாது, போட்டி கிடையாது, சினிமாப் பாட்டுக்கு எப்படி ஆடுவது என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். என்னைக் கேட்டால் மூன்றில் அவருக்குப் பொருந்தியது அதுதான். சொல்லிக்கொடுக்கிற ஆளை மதிப்பெண் போடச் சொன்னால் கை கட்டிப்போட்ட மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், அவருடைய நடனம் முகத்தில் நடப்பது. புருவம், உதடு, பல்லவியின் ஒரு சொல்லுக்குச் சட்டென்று தாழ்கிற கண். ஐம்பது அடி தள்ளி மேடையில் ஆடுகிறவரிடம் அதை எப்படித் தேடுவது? டிவி மேடையில் ஜோடியைத் தூக்கி வீசுவதும் குட்டிக்கரணமும்தான் எடுபடும், கைதட்டல் அதற்குத்தான் விழும். 2009-ல் வந்த 'டான்ஸ் இந்தியா டான்ஸ்' மாதிரி நிகழ்ச்சிகளில் ரெமோ டிசூசா, கீதா கபூர், டெரன்ஸ் லூயிஸ் என்ற அடுத்த தலைமுறை உட்கார்ந்தபோது, அந்த வேகத்துக்குத் தகுந்த கண்ணோடுதான் வந்தார்கள்.

தமிழிலும் அதே காலம்தான். விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் 1', கலைஞர் டிவியில் கலா மாஸ்டரின் 'மானாட மயிலாட'. கலா மாஸ்டர் 2000-ம் ஆண்டுக்கான தேசிய விருதை ஒரு மலையாளப் படத்துக்காக வாங்கியவர், பல வருஷம் நம் படங்களில் எத்தனையோ பாட்டுக்கு நடனம் அமைத்தவர், ஆனால் தெருவில் போகிறவர்கள் அவர் முகத்தை அடையாளம் கண்டது டிவிக்குப் பிறகுதான். 'கெமிஸ்ட்ரி' என்ற பாடம் பிளஸ் டூவைத் தாண்டி, ஜோடிப் பொருத்தம் என்ற அர்த்தத்தில் வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் அப்போதுதான், அது தனிக் கதை.

சரோஜ் கானுக்கு மொத்தம் மூன்று தேசிய விருது. 'தேவ்தாஸ்', 'ஜப் வி மெட்', நடுவில் ஒரு தமிழ்ப் படம். சாரதா ராமநாதன் இயக்கிய 'சிருங்காரம்', 1920-களின் தேவதாசி ஒருவரின் கதை, இசை லால்குடி ஜெயராமன், அவருக்கும் அதே படத்துக்கு தேசிய விருது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? பம்பாய் மசாலாப் பாட்டு மாஸ்டர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பிற்பாடு படங்கள் குறைந்துபோயின. கடைசியாக 2019-ல் 'கலங்க்' படத்தில் ஒரு பாட்டு, ரெமோவோடு சேர்ந்து. ஆடியது அதே மாதுரி, தேஸாப் வந்து முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அந்தப் பாட்டில் குட்டிக்கரணம் எதுவும் இல்லை, கேமரா அடிக்கடி முகத்துக்குத்தான் போகிறது. அடுத்த வருஷம் ஜூலை 3-ம் தேதி மும்பையில் காலமானார். நேரம் ஆகிவிட்டது, விடைபெறுகிறேன், நன்றி.