கோவில் வேலை செய்தால் ஆயுசு கூடுமா?

(காட்சி: மொரீஷியஸ் கோவில் ஒன்றின் சமையற்கட்டு. அண்டாவில் பூசணிக்காய் வேகிறது.)

தைப்பூசக் காவடிக்கு மொரீஷியஸில் அரசு விடுமுறை. காவடி செலுத்தியதும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அதற்காக விடியுமுன்னே வந்து உட்கார்ந்து பலாக்காய் நறுக்கும் பாட்டிமார்களைக் காட்டி, "சாமி காரியம் செய்கிறவர்களுக்கு நோய் அண்டாது" என்பார்கள். நிஜமா?

2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் செவிலியர் வேலை பார்த்த 74,534 பெண்களை 16 ஆண்டுகள் கவனித்த கணக்கு. வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்கள் இறக்கும் அபாயம், போகவே போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு.

எதனால்? ஆளுக்கு ஆள் துணை இருப்பது ஒரு பங்கு. சிகரெட் பிடிக்காதது கிட்டத்தட்ட அதே அளவு. மனச்சோர்வு குறைவது அடுத்தது. இவற்றுக்குள் அடங்காத மிச்சமும் இருக்கிறது. அதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம்.

ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் கிறித்தவர்கள். அந்த 33-ஐ அப்படியே நம் கோவிலுக்குக் கொண்டுவர முடியாது. அப்புறம், முட்டி வலி முற்றினவர் எப்படி மலைக்கோவில் படியேறுவார்? நடமாட முடிந்தவர்தான் கோவிலுக்கு வருகிறார். கோவிலுக்கு வருவதால் திடமா, திடமாக இருப்பதால் வருகிறாரா? ஆய்வாளர்கள் முன்பிருந்த உடல்நிலையையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்த்தார்கள். இருந்தாலும் இந்தச் சந்தேகம் முழுக்கத் தீராது.

சரி, தொண்டுக்கு வருவோம். 2020-இல் வந்த ஆய்வு, 50 வயது தாண்டிய ஏறத்தாழ 13,000 அமெரிக்கர்களைப் பற்றியது. ஆண்டுக்கு 100 மணி நேரமாவது, அதாவது வாரத்துக்கு இரண்டு மணி, தொண்டு செய்தவர்களுக்கு இறப்பு அபாயமும் நடமாட்டச் சிரமமும் குறைவு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த இன்னொரு ஆய்வு சுவாரசியமானது: தனக்கு நல்லது என்று கணக்குப் போட்டுத் தொண்டுக்குப் போனவர்களுக்கும், தொண்டே செய்யாதவர்களுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை! ஆகவே இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாளைக்கே கரண்டி பிடிக்க ஓடுவதில் எவ்வளவு பலன் என்று தெரியவில்லை.

(காட்சி: இலையில் பாயசம் விழுகிறது.)

அந்த 2020 ஆய்வில் நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் இவற்றில் தொண்டு செய்தவர்களுக்குத் தெளிவான ஆதாயம் காணவில்லை. மொரீஷியஸிலோ பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. விரதத்தில் சாப்பாட்டு நேரம் மாறும். இன்சுலின் போடுகிறவர்கள் கொடியேற்றத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.