வீட்டுக் கடன் வாங்க முடிந்தவருக்கு மட்டும்தானா நல்ல பள்ளி?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அமெரிக்க நகரங்களில் நலிந்துபோன பகுதிகளை மீட்கப் பெரிதும் உதவுவது அரசின் பெருந்திட்டங்களா, அல்லது பெற்றோர் தேர்ந்தெடுக்கும் கல்வியும் சிறுதொழிலுமா? நான் இரண்டாவது அணி. எனக்கு முன் பேசிய சகோதரி எங்கள் பக்கம் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொதுப் பள்ளியின் பணத்தைப் பிடுங்கித் தனியாருக்குக் கொடுக்கிறோமாம். வரிச்சலுகை என்ற பெயரில் பணக்காரருக்கு உதவுகிறோமாம். கறுப்பின மக்களுக்கு நடந்த வரலாற்று அநீதியைப் பார்க்க மறுக்கிறோமாம். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி.

இந்த ஊரில் வீடு வாங்கியபோது முதலில் எதைப் பார்த்தீர்கள்? சமையலறையையா? கிழக்குப் பார்த்த வாசலையா? அதெல்லாம் அப்புறம். இங்கே பிள்ளை எந்தப் பொதுப் பள்ளிக்குப் போகும் என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது; அதனால் அந்தத் தெரு எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது, அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றுதான் பார்த்தோம். நானும் அப்படித்தான். கையில் இருந்ததையெல்லாம் முன்பணமாகக் கொட்டி, முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போட்டு, விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரை ஒட்டிய புரூக்ஃபீல்டு மாதிரி ஒரு புறநகரில் குடியேறினோம். சொந்தங்களே, நாம் அத்தனை பேரும் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான். வங்கிக் கடனை வைத்துத் தேர்ந்தெடுத்தோம். அது சரியென்றால், இங்கிருந்து காரில் இருபது நிமிடத்தில் இருக்கும் மில்வாக்கியின் வடபகுதியில், வாடகை வீட்டில், இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கும் அந்த உரிமை வேண்டுமா, வேண்டாமா? என் வாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்த வடபகுதி எப்போதும் இப்படி இருந்ததில்லை. நம் ஊர் வீடுகளில் வெந்நீருக்கு மாட்டுகிறோமே கீசர், அதில் ஏ.ஓ. ஸ்மித் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பெனியின் சொந்த ஊர் மில்வாக்கி. கார்களுக்கான அடிச்சட்டம் செய்யும் அவர்களுடைய பெரிய தொழிற்சாலை வடபகுதியில் இருந்தது. உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு உள்ளே போனவர் அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 1997-இல் அந்தப் பிரிவை வேறொரு கம்பெனிக்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் கதவுகள் மூடின. தொழில் போன இடத்தில் கடையும் நிற்காது. கடை போன தெருவில் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக நிற்க யார் மிஞ்சுவார்கள்? இவ்வளவுக்கும் அந்தப் பகுதிப் பள்ளிகள் அதற்கு முன்பே தடுமாறிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் எழுந்தவர் ஆனெட் பாலி வில்லியம்ஸ். விஸ்கான்சின் சட்டமன்ற உறுப்பினர், கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சிக்காரர். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது இந்த மாநிலத்தில் அவருக்காக முன்னின்று உழைத்தவர். அவரை வலதுசாரி என்று யாரும் சொல்ல முடியாது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று தம் தொகுதிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஊரின் மறுகோடிக்கு அனுப்பியும் கல்வி உயரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்ப்சனுடன் கைகோத்து, 1990-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போனால், அரசுப் பணம் ஏறத்தாழ 2,500 டாலர் அந்தப் பிள்ளையோடு போகும். பொதுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆன செலவில் பாதிகூட இல்லை அது. முதல் ஆண்டு வந்தவர்கள் 341 பேர், பள்ளிகள் 7. வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் திட்டத்தைக் காப்பாற்றியது. இன்று பல்லாயிரம் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள்.

பணத்தைப் பிடுங்குகிறோம் என்றார் சகோதரி. ஐயா, அந்தப் பணம் யாருக்காக ஒதுக்கியது? கட்டடத்துக்கா, பிள்ளைக்கா? பிள்ளைக்கு என்றால், பிள்ளை போகும் இடத்துக்கு அது போவதில் என்ன பறிப்பு இருக்கிறது?

பலன் வந்ததா என்று கேட்பீர்கள். நேர்மையாகவே சொல்கிறேன். எல்லா இடத்திலும் வரவில்லை. மில்வாக்கியில் ஆரம்பத்தில் சில மோசமான பள்ளிகள் உள்ளே புகுந்தன. பணத்தை வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாதவர்களும் இருந்தார்கள். பின்னர் அங்கீகாரம் கட்டாயம் என்று அரசு விதித்தது சரியான முடிவு. லூயிசியானாவில் இதே மாதிரித் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் குறைந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் தலைநகர் வாஷிங்டனைப் பாருங்கள். அங்கே இதே மாதிரி உதவித்தொகைக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டார்கள். கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் கல்வித் துறையே ஒப்பிட்டு 2010-இல் அறிக்கை தந்தது. கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர்களோ, குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்தவர்களில் 82 விழுக்காடு, கிடைக்காதவர்களில் 70. பன்னிரண்டு விழுக்காடு என்றால் காகிதத்தில் சின்ன எண். ஆனால் நூறு பிள்ளைகள் இருக்கும் தெருவில் பன்னிரண்டு பேர் கையில் சான்றிதழோடு நடப்பது அந்தத் தெருவுக்குச் சின்ன விஷயமா?

சார்ட்டர் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், ஆனால் சுயமாக நடப்பவை அவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் 2015-இல் 41 நகரப் பகுதிகளை ஆராய்ந்து, அங்கே படிக்கும் பிள்ளைகள் ஓராண்டில் கணக்கில் 40 நாள், வாசிப்பில் 28 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம் கண்டதாகச் சொன்னது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலி வில்லியம்ஸ் 2014-இல் மறைந்தார். கடைசிக் காலத்தில், இந்தத் திட்டத்தின் வருமான வரம்பை உயர்த்தி வசதியானவர்களையும் சேர்த்தபோது அவர் எதிர்த்தார். எங்கள் அணியிலேயே சிலர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: அவர் சொன்னதே சரி. எனக்கும் உங்களுக்கும் அந்தச் சலுகை வேண்டாம். நம்மிடம் வீட்டுக் கடன் இருக்கிறது.

சரி, தொழிலுக்கு வருகிறேன். கல்வியும் தொழிலும் ஒரே கூரைக்குள் எப்படிச் சேரும் என்று காட்ட எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. நமக்கெல்லாம் சென்னை லயோலாவும் திருச்சி செயின்ட் ஜோசப்பும் தெரியும். அவற்றை நடத்தும் இயேசு சபைத் துறவிகள், 1996-இல் சிகாகோவில் மெக்சிகக் குடும்பங்கள் வாழும் பில்சன் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். பெயர் கிறிஸ்டோ ரே. பெற்றோரால் கட்டணம் கட்ட முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு அலுவலக வேலையை நான்கு மாணவர்களுக்குப் பங்கிட்டார்கள். ஒவ்வொருவரும் மாதத்தில் ஐந்து நாள் போய் வேலை செய்வார்கள். வங்கியில், வழக்கறிஞர் அலுவலகத்தில், மருத்துவமனையில். கம்பெனி தரும் பணம் பள்ளிக் கட்டணத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டும். பதினான்கு வயதுப் பிள்ளை சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, உயரமான கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறுகிறது. அதுவரை அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்த பிள்ளை. தன் கட்டணத்தைத் தானே சம்பாதிக்கிறது. இன்று நாடு முழுவதும் இப்படி 30-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. மில்வாக்கியிலும் 2015-இல் ஒன்று வந்தது. பாலி வில்லியம்ஸ் போட்ட பாதையில், அரசு தரும் உதவித்தொகையோடு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இப்படி ஒன்றை வாஷிங்டனில் மேசை போட்டு யாரும் திட்டமிடவில்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள் யோசித்தது.

இப்போது ஏழையின் சொந்தத் தொழில். கறுப்பினப் பெண்கள் பின்னல் போடும் கலையைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய நூறு பின்னல், மணிக்கணக்கான வேலை, பாட்டியிடம் பேத்தி கற்றது. கத்தரி வேண்டாம், ரசாயனம் வேண்டாம், முதலீடு வேண்டாம். இரண்டு கை போதும். அதற்கு உரிமம் கேட்டார்கள். அழகுக்கலைப் பள்ளியில் மாநிலத்தைப் பொறுத்து ஆயிரம் முதல் இரண்டாயிரம் மணி நேரம், ஆயிரக்கணக்கான டாலர் செலவு. பல பள்ளிகளில் இந்தப் பின்னலைச் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை. 1997-இல் டல்லாஸில் உரிமம் இல்லாமல் பின்னியதற்காக ஒரு பெண்மணியைக் கைது செய்தார்கள். அந்தப் பெண்மணி விடாமல் போராடி, 2015-இல்தான் டெக்சஸ் அந்த விதியை எடுத்தது. மிசிசிப்பி முந்திக்கொண்டது. 2005-இல் 25 டாலர் கட்டிப் பெயரைப் பதிவு செய்தால் போதும் என்று மாற்றியவுடன் நூற்றுக்கணக்கான பெண்கள் வெளிப்படையாகக் கடை வைத்தார்கள். அரசு ஒரு டாலர்கூடச் செலவழிக்கவில்லை. வழியில் கிடந்த கல்லை நகர்த்தியது, அவ்வளவுதான்.

நம் விஸ்கான்சினும் சளைத்ததில்லை. வீட்டில் சுட்ட பிஸ்கட்டை விற்பது 2017 வரை இங்கே சட்டத்துக்குப் புறம்பு. மூன்று பெண்கள் வழக்குப் போட்ட பிறகு நீதிமன்றம்தான் அதை மாற்றியது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்கும் நம் அக்காக்களுக்கு இதன் அருமை தெரியும்.

வரிச்சலுகை பணக்காரருக்கே போகிறது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நலிந்த பகுதிகளில் முதலீடு செய்பவருக்கு வரிச்சலுகை தருவதற்காக 2017-இல் செனட்டர் டிம் ஸ்காட் முன்னெடுத்த வாய்ப்பு மண்டலத் திட்டத்தில் 8,700-க்கும் மேற்பட்ட பகுதிகளை அறிவித்தார்கள். அதில் பெரும் பணம் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போனது என்று சகோதரி சொன்னதை ஏற்கிறேன். அந்தச் சலுகை வீதிக்குள் வரவில்லை, நிலத்தின் விலைக்குள் போய்விட்டது. ஆனால் இந்த யோசனையின் வேர் அதுவல்ல. பஃபலோ நகர அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து அரசியலுக்கு வந்த ஜாக் கெம்ப், 1980-இல் தெற்கு பிராங்க்ஸின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ராபர்ட் கார்சியாவுடன் சேர்ந்து தொழில் மண்டல மசோதா கொண்டுவந்தபோது மனதில் வைத்திருந்தது மூலைக்கடைக்காரரையும் பட்டறைக்காரரையும்தான். சலுகையை அங்கே வேலை பெறுபவரின் எண்ணிக்கையோடு கட்டுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கெம்ப் வீட்டுவசதி அமைச்சரானபோது யாரைக் கொண்டாடினார்? வாஷிங்டன் கெனில்வொர்த் அரசுக் குடியிருப்பின் கிமி கிரேயை. சிறுவயதிலேயே தாயாகி, ஐந்து பிள்ளைகளோடு அரசு உதவியில் வாழ்ந்தவர். குடியிருப்பில் வெந்நீர் இல்லை, போதைப்பொருள் கும்பல் உண்டு. 1974-இல் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினார். விண்ணப்பம் நிரப்புவது, தேர்வுக்குத் தயார் செய்வது, பெட்டி வாங்கிக் கொடுப்பது வரை. நூற்றுக்கணக்கானோர் போனார்கள். 1982-இல் குடியிருப்பின் நிர்வாகத்தையே குடியிருப்போர் எடுத்துக்கொண்டார்கள். வாடகை ஒழுங்காக வசூலானது, பராமரிப்பு வேலை அங்கே இருப்பவருக்கே கிடைத்தது. 1990-இல் ஒரு டாலருக்கு அந்தக் குடியிருப்பு அவர்கள் சங்கத்துக்கே விற்கப்பட்டது. பழுதுபார்க்க அரசுக்குப் பல மில்லியன் ஆனது என்பார்கள். ஆமாம், ஆனது. வெந்நீர்கூட வராமல் விட்டது யார்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். காய்ச்சல் வந்தவரிடம் சாவியைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்படிப் பேசுகிறவர்களை இங்கே பழமைவாதிகள் என்பார்கள். நம் மொழியில் பழமைவாதி என்றாலே ஏதோ கதவைப் பூட்டுகிறவர் மாதிரித் தோன்றும். இங்கே நான் சொல்லும் பழமை வேறு. குடும்பம், தேவாலயம், தெருச் சங்கம், மூலைக்கடை: இவை அரசுக்கு முந்தியவை, இவற்றை மிதித்துக்கொண்டு அரசு எந்த நல்லதும் செய்ய முடியாது என்ற எண்ணம்தான் அது.

கடைசியாக வரலாற்று அநீதி. 1930களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டிக் கடன் கிடைக்காமல் செய்த கொடுமையைச் சகோதரி உருக்கமாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த வரைபடத்தைத் தீட்டியது யார்? கூட்டாட்சி அரசின் நிறுவனம். நம் மில்வாக்கியில் வால்நட் தெருவை ஒட்டி பிரான்ஸ்வில் என்று ஒரு பகுதி இருந்தது. கறுப்பினத்தவர் சொந்தமாக வைத்த கடைகள், உணவகங்கள், இசைக்கூடங்கள். 1960களில் நகரப் புதுப்பிப்பு என்றும் நெடுஞ்சாலை என்றும் சொல்லி அதை இடித்தார்கள். இன்று இந்த அரங்குக்கு ஐ-43 சாலையில் வந்தவர்கள் அந்தக் கடைகள் நின்ற இடத்தின் மேல்தான் ஓட்டி வந்தீர்கள். செயின்ட் லூயிஸில் 33 கட்டடங்களாக எழுப்பிய புரூயிட்-ஐகோ குடியிருப்பை, குடியேறி இருபது ஆண்டுகள் ஆவதற்குள் 1972-இல் அரசே வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கியது. அநீதியை நாங்கள் பார்க்க மறுக்கவில்லை. அதைச் செய்த கையிடமே மறுபடியும் மொத்த மருந்துச் சீட்டையும் கொடுக்க மறுக்கிறோம்.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் ஒரே கேள்வி. 1990 செப்டம்பரில், அந்த 341 பிள்ளைகளில் ஒன்றின் தாய் விண்ணப்பத்தோடு உங்கள் முன் வந்து நிற்கிறார். பொதுப் பள்ளிகள் எல்லாம் சரியாகும் வரை காத்திரு என்பீர்களா? அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. எத்தனை வருடம் காத்திருக்கச் சொல்வீர்கள்? எண்ணைச் சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.