கேள்வியை யார் எழுதுவது?

(தக்கலையில் ஒரு படிப்பகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. எட்டு வருசமாக மகளின் மூட்டுவாதத்தோடு மல்லுக்கட்டும் ஒரு அம்மை. மருத்துவ ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பதை யார் முடிவுசெய்வது என்று பேசவந்திருக்கிறேன்.

மூன்று வயதில் ஒருநாள் காலையில் அவளுக்கு முட்டு மடங்கவில்லை. கழிப்பறையில் குத்தவைக்க முடியாது, நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்து மணியானால் முற்றத்தில் ஓடுவாள். பார்த்தவர்கள், “பிள்ளை சும்மா நடிக்கா” என்றார்கள். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுத் தடவினோம். பல மாதம் கழித்துத்தான் நோயின் பெயர் தெரிந்தது. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் பிடிபடாத மூட்டு அழற்சி. டாக்டர்கள் ஜே.ஐ.ஏ. என்பார்கள். கண் சிவக்காமல், வலிக்காமல் உள்ளேயும் அழற்சி வரலாம் என்பதால் கண் டாக்டரிடமும் தவறாமல் போகிறோம்.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே நாள், எங்களுக்கு ஞாயிறு. மாத்திரை மஞ்சள். போகப்போக சனிக்கிழமை சாயங்காலமே ஓங்கரிக்கத் தொடங்கினாள். மஞ்சள் டிபன் பாக்ஸைப் பார்த்தாலும் குமட்டல். அதை அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வீக்கம் வற்றியது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. மருந்து வேலை செய்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் சனிக்கிழமையை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

பெரியவர்களின் முடக்குவாதத்திலும் இதே கதைதான். மருந்து ஆய்வுகளில் எதை அளப்பது என்று முடிவெடுக்கும் ஒமெராக்ட் மாநாடு 2002இல் ஆஸ்திரேலியாவில் நடந்தபோது நோயாளிகளையும் உட்காரவைத்தார்கள். அவர்கள் பேசியது அசதியைப் பற்றி. அதன்பிறகே அசதியும் அளக்க வேண்டிய ஒன்றானது. இதைச் சொல்ல நோயாளியே வரவேண்டியிருந்தது, பாருங்கள்!

பிரிட்டனில் 2004இல் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். நோயாளி, வீட்டார், மருத்துவர் எல்லாரிடமும் ஆய்வு விடை தேட வேண்டிய கேள்விகளை வாங்குகிறார்கள். ஏற்கெனவே விடை கிடைத்தவற்றைக் கழிக்கிறார்கள். மிச்சத்தில் முதல் பத்தை மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். மருந்துக் கம்பெனிக்கு அங்கே ஓட்டு கிடையாது. நெதர்லாந்தில் குழந்தைகளின் மூட்டுவாதத்துக்கே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம் என்பேன். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடலாமா, ஆசான் தடவினால் கெடுதலா, ஒவ்வொரு தடவையும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறத்தான் வேண்டுமா என்று நம் வீடுகளில் கேட்கிறோம். இதெல்லாம் அங்கே யாருக்குத் தோன்றும்?

இன்னொன்று. இப்படிக் கேள்வி தேர்ந்தெடுக்கும் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் அம்மா வரமாட்டாள். விடியுமுன் வெட்டப்போனவள் அப்போது பால் எடுத்துக்கொண்டிருப்பாள். மழை நாளில் வையுங்கள், வெட்டு இருக்காது! சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆய்வுப் படிவமெல்லாம் அச்சடித்த பிறகு போட்டோவுக்காக இரண்டு அம்மாமாரைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டில் ஒருத்தி நான்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொரு கேள்வி எழுதிவிட்டுப் போங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் சொன்னால் போதும், என் மகள் எழுதுவாள். காலையில் அவளுக்குப் பேனா பிடிக்க வராது. இப்போது சாயங்காலம்தானே, விரல் நன்றாக மடங்கும்.